பட்டியலும் பருவமும்

நிலத்துக்கும் பொழுதுக்கும் உரிய கருப்பொருள்களை எண்ணத் தொடங்கிய தொல்காப்பியர், தெய்வத்துக்கு அடுத்த இடத்தில் உணவை வைத்தார். விலங்கும் மரமும் பறவையும் பறையும் யாழும் அதற்குப் பின்னரே வருகின்றன. கவிஞர்கள் நிறைந்த நம் வட்டத்தில் இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆற்றுப்படை நூல்களில் பாணன் நிலந்தோறும் வேறு வேறு உணவு பெறுகிறான். அவன் இலையில் விழும் உணவைக் கொண்டே அவன் நிற்கும் நிலம் எதுவென்று நாம் அறிந்துகொள்கிறோம். கார்காலத்து உணவு வேறு, முதுவேனிற்கால உணவு வேறு என்பதை யாரும் யாருக்கும் சொல்லத் தேவையில்லாத காலம் அது.

பத்தாம் ஆண்டு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று தருமாறு மலர்க் குழுவினர் பணித்தபோது, அரசர்களையும் கல்வெட்டுகளையும் விட்டுவிட்டு ஓர் உணவகத்தைப் பற்றி எழுதப்போவதாகச் சொன்னேன். நண்பர்கள் சிரித்தார்கள். கூட்டம் முடிந்ததும் சிற்றுண்டி எங்கே என்று முதலில் கேட்பவன் நான்தான் என்பதால் அந்தச் சிரிப்பில் நியாயம் இருந்தது. ஆயினும் என் நோக்கம் விளையாட்டன்று. நம் நாட்டுச் சமையல் உணவகத்துக்குள் நுழைந்தபோது தன் பொழுதை எவ்வாறு இழந்தது, எங்கே போய் அதை மீட்டது, மீட்டதை எங்கே கொண்டுவந்து வைத்தது என்பதே என் கேள்வி. விடை நியூயார்க்கிலும் மும்பையிலும் கிடக்கிறது. அதற்கு முன் சற்று இலண்டன் வரை போய்வர வேண்டும்.

கடல் கடந்த பட்டியல்

பாட்னாவில் பிறந்து, கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் பணியாற்றி, அயர்லாந்துக்குச் சென்று குடியேறியவர் தீன் மகமது. 1794இல் கார்க் நகரில் அவர் வெளியிட்ட பயண நூல், இந்தியர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதி அச்சேற்றிய முதல் நூல் என்று கொள்ளப்படுகிறது. நூலாசிரியர் உணவக முதலாளியானது 1810இல். இலண்டன் போர்ட்மன் சதுக்கத்தை அடுத்த ஜார்ஜ் தெருவில் ‘இந்துஸ்தானி காபி ஹவுஸ்’ என்ற பெயரில் அவர் கடை திறந்தார். மூங்கில் நாற்காலியும் ஹூக்காவும் இந்தியக் கறிவகைகளும் அங்கே இருந்தன. இந்தியாவில் பணியாற்றித் திரும்பிய வெள்ளைக்காரர்களை நம்பித் திறந்த கடை அது. 1812இல் அவர் கடனாளியாகி நொடித்துப்போனார். எழுத்தாளர்கள் கடை வைத்தால் என்னவாகும் என்பதற்கு இதனினும் பழைய சான்று என்னிடம் இல்லை.

1926இல் இலண்டன் ரீஜண்ட் தெருவில் ‘வீராசாமி’ என்ற உணவகம் தோன்றியது. பெயரைக் கேட்டதும் நம்மவர் ஒருவர் நடத்தியது போலும் என்று உள்ளம் துள்ளும். திறந்தவர் எட்வர்டு பாமர். அதற்குச் சற்று முன் வெம்பிளியில் நடந்த பேரரசுக் கண்காட்சியில் இந்திய உணவு பரிமாறிய அனுபவம் அவருக்கு இருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இங்கிலாந்தின் ஊர்தோறும் பரவிய ‘இந்திய’ உணவகங்களோ பெரும்பாலும் சில்ஹெட் வட்டாரத்திலிருந்து சென்றவர்களால் நடத்தப்பட்டவை. கப்பலில் கரியள்ளிப் போட்டவர்களும் அடுக்களை வேலை பார்த்தவர்களும் கரையிறங்கி உருவாக்கிய தொழில் அது. அவர்கள் தங்கள் வீட்டில் உண்ட மீன்குழம்பு ஒன்று, கடையில் விற்ற கறி வேறொன்று.

அந்தக் கடைகளின் அடுக்களை முறையை இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். காலையில் வெங்காயத்தையும் தக்காளியையும் வேகவைத்து அரைத்து ஒரு பெரிய பாத்திரம் நிறையப் பொதுக் குழம்பு ஆயத்தம் செய்துவிடுவார்கள். மாலையில் வாடிக்கையாளர் கேட்கும் பெயருக்கு ஏற்ப அதில் மிளகாய்த்தூள் கூடும் அல்லது குறையும். பாலேடு சேர்ந்தால் ஒரு பெயர், காரம் ஏறினால் இன்னொரு பெயர். ‘மதராஸ்’ என்பது அங்கே ஒரு நகரமாக இல்லை, காரத்தின் அளவாக இருந்தது. நம் தலைநகரின் பழைய பெயர் அளவைச் சொல்லாகிப் போனதை எண்ணிச் சிரிப்பதா வருந்துவதா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

பட்டியல் அச்சிட்டு, கண்ணாடித்தாள் பூசி, மேசைமேல் வைக்கப்பட்டது. தை மாதம் சென்றாலும் ஆடி மாதம் சென்றாலும் அதே அட்டை. இதற்காக அந்தக் கடைக்காரர்களைக் குறைசொல்ல என் மனம் ஒப்பவில்லை. கொத்துமல்லித் தழைகூட எளிதில் அகப்படாத ஊர், வாடகைக்கு அஞ்சும் முதல், கறி என்றால் ஒரே சுவைதான் என்று எண்ணும் வாடிக்கையாளர். இவற்றுக்கு நடுவில் மாறாத பட்டியல் ஒன்றுதான் அவர்களுக்குப் பாதுகாப்பு. நியூயார்க் நகரத்தின் கிழக்கு ஆறாவது தெருவில் வரிசையாக அமைந்த வங்கதேசத்தார் கடைகளின் நிலையும் ஏறத்தாழ இதுவே.

வியப்பு என்னவென்றால், கடல் கடக்காத பெரிய உணவகங்களும் இதே வழியில் சென்றன. 1947 பிரிவினைக்குப் பின் பெஷாவர் பகுதியிலிருந்து தில்லிக்கு வந்தவர்களோடு வந்த தந்தூர் அடுப்பு, சில பத்தாண்டுகளில் நாடு முழுவதும் ‘இந்திய உணவு’ என்பதன் பொதுமுகமாயிற்று. தில்லியின் நட்சத்திர விடுதி ஒன்றில் 1978இல் தொடங்கிய புகாரா உணவகம் தன் பட்டியல் மாறாததையே பெருமையாகக் கொண்டது. அதன் பருப்பின் சுவையை உண்டவர் மறுக்கமாட்டார். ஆயினும் வெளியே என்ன காய்த்தது, என்ன பூத்தது என்பதற்கும் உள்ளே வெந்ததற்கும் தொடர்பு அற்றுப்போனது. பின்னர் 2001 ஏப்ரல் 1 அன்று எஞ்சிய 715 பொருள்களின்மீது இருந்த இறக்குமதி அளவுக் கட்டுப்பாடுகளும் நீங்கின. வாஷிங்டன் ஆப்பிளும் கிவிப் பழமும் பெருநகரங்களின் கடைவாயிலில் அடுக்கப்பட்டன. நம் சிற்றூர்ச் சந்தையிலும் இன்று அவை உண்டு. களாக்காய்தான் இல்லை.

மாடிசன் சதுக்கத்து அடுக்களை

ஃபிளாயிட் கார்டோஸ் 1960இல் பம்பாயில் பிறந்தவர். கோவாவை வேராகக் கொண்ட கிறித்தவக் குடும்பம். உயிர்வேதியியல் படிக்கச் சென்றவர் அதை விட்டுச் சமையற்கலைக்கு மாறினார். பம்பாயிலும் சுவிட்சர்லாந்திலும் பயின்று, நியூயார்க் சென்று, லெஸ்பினாஸ் என்ற உயர்தர உணவகத்தில் கிரே குன்ஸ் என்பவரிடம் பணியாற்றினார். குன்ஸ் சிங்கப்பூரில் பிறந்த சுவிஸ்காரர். ஆசியச் சுவைகளை ஐரோப்பியச் சமையலுக்குள் தயக்கமின்றிக் கொண்டுவந்தவர். அங்கேதான் கார்டோஸ் தம் வீட்டு மசாலாக்களைப் புதிதாகப் பார்க்கக் கற்றார் எனலாம்.

1998இல் டானி மேயர் என்னும் உணவக முதலாளியோடு சேர்ந்து, மாடிசன் சதுக்கத்தை நோக்கிய மெட்ரோபாலிட்டன் காப்பீட்டு நிறுவனக் கட்டடத்தில் ‘தப்லா’ என்ற உணவகத்தைத் திறந்தார். மாடியில் விரிவான விருந்து. கீழ்த்தளத்தில் தந்தூர் அடுப்பில் ரொட்டிகள் சுட்டுத் தரும் எளிய கூடம். மறு ஆண்டே நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் விமரிசகர் ரூத் ரைஷல் அதற்கு மூன்று நட்சத்திரம் வழங்கினார். இந்தியச் சுவையில் எழுந்த ஓர் உணவகத்துக்கு அந்நாளில் அது எளிதில் கிட்டாத மதிப்பு.

தப்லாவின் உண்மையான புதுமை எதுவென்று அன்று பலவாறு எழுதினார்கள். இந்திய மசாலாவையும் மேலைச் சமையல் முறையையும் கலந்தது என்றே பெரும்பாலோர் கூறினர். நான் அதை வேறாகப் பார்க்கிறேன். அந்த உணவகத்திலிருந்து தெற்கே நடந்து செல்லும் தொலைவில் யூனியன் சதுக்கம் இருக்கிறது. அங்கே 1976 முதல் உழவர் சந்தை கூடுகிறது. சுற்றுப்புற மாவட்டங்களின் உழவர்கள் தாங்கள் விளைத்ததைத் தாங்களே கொண்டுவந்து விற்கும் சந்தை. டானி மேயரின் முதல் உணவகம் 1985இல் அந்தச் சந்தையின் அருகில்தான் தொடங்கியது. வாரத்தில் நான்கு நாள் கூடும் அந்தச் சந்தையில் வேனிலின் தொடக்கத்தில் காட்டுப் பூண்டுத்தழை வரும். கோடை முற்றினால் மக்காச்சோளமும் தக்காளியும் குவியும். இலையுதிர் காலத்தில் பூசணி வகைகள். பனி கடுத்தால் கிழங்குகளும் ஆப்பிளும் அன்றி வேறு எதுவும் இராது. கார்டோஸ் அங்கே கிடைத்ததை வாங்கினார். பம்பாயில் தம் வீட்டுப் பெண்கள் செய்ததையே அவர் அயலூரில் செய்தார். அவர்கள் சந்தைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்த பின்னர்தானே இன்று என்ன குழம்பு என்று முடிவு செய்தார்கள்?

கொத்தவரங்காய் கிடைக்காத ஊரில் உறைபனியில் பதப்படுத்திய கொத்தவரங்காயைத் தேடுவது ஒரு வழி. அந்த ஊரில் அன்று பறித்த காயை எடுத்து, கடுகும் கறிவேப்பிலையும் தாளித்து, அதைத் தன் சமையலாக்கிக்கொள்வது இன்னொரு வழி. முதல் வழியில் ஊரின் பெயர் மட்டும் தங்குகிறது. இரண்டாம் வழியில் சமைக்கும் அறிவு தங்குகிறது. புலம்பெயர்ந்து எழுதும் நம் கவிஞர்களுக்கும் இந்த இரண்டு வழிகளும் முன்னே கிடக்கின்றன. பனிபொழியும் நகரில் அமர்ந்து குறிஞ்சிப்பூவைப் பாடுவோரும் உளர், அந்தப் பனியையே தமிழில் பாடுவோரும் உளர்.

தப்லா 2010 டிசம்பர் இறுதியில் மூடப்பட்டது. 12 ஆண்டுகள் நடந்தது. அடுத்த ஆண்டு, 2011இல், அமெரிக்கத் தொலைக்காட்சியில் தேர்ந்த சமையற்கலைஞர்களுக்கென நடந்த ‘டாப் செஃப் மாஸ்டர்ஸ்’ போட்டியின் இறுதிச் சுற்றில் கார்டோஸ் ஒரு பண்டம் செய்தார். அதைக் கேள்விப்பட்ட நாளில் நான் வாய்விட்டுச் சிரித்தேன். உப்புமா! ரவையைத் தேங்காய்ப்பாலிலும் கோகம் புளியிலும் இளக வேகவைத்து, காட்டுக் காளான்களைச் சேர்த்துத் தந்த உப்புமா. வென்றார். 1,00,000 டாலர் பரிசுத்தொகை புற்றுநோய் ஆய்வுக்குச் சென்றது. விருந்தினர் திடீரென்று வந்தால் கிண்டுவது, மாவு தீர்ந்த நாளில் கிண்டுவது என்று நம் வீடுகளில் இகழப்படும் உப்புமாவுக்கு இப்படியொரு முடிசூட்டு விழா நடந்ததை அதன் பகைவர்கள் நினைவிற்கொள்ள வேண்டும்.

ஆலைகளின் ஊர்

2015இல் மும்பை லோயர் பரேல் பகுதியின் கமலா மில்ஸ் வளாகத்தில் ‘தி பாம்பே கேண்டீன்’ திறக்கப்பட்டது. சமீர் சேட், யஷ் பனகே ஆகிய இளைஞர்கள் கார்டோசோடு இணைந்து தொடங்கினார்கள். அடுக்களைத் தலைமையைத் தாமஸ் சக்கரியா ஏற்றார். கேரளத்தவர். பாட்டியின் அடுக்களையில் சுவையறிந்து, அமெரிக்காவில் பயின்று, இந்தியாவின் வட்டாரங்களை நேரில் சுற்றிப் பார்த்து வந்தவர். இந்நாட்டின் வட்டார உணவுகளை, அந்தந்தப் பருவத்தில் இங்கேயே விளையும் பொருளைக் கொண்டு சமைப்பது என்பது அவர்களின் கொள்கை. பருவம் மாறினால் பட்டியலும் மாறும். சிந்தி வீட்டு முறையில் தட்டிப் பொரித்த சேப்பங்கிழங்கு, பார்லியும் சோளமும் மாதுளை முத்தும் கலந்த குளிர்ந்த கலவை, மும்பை மன்றம் ஒன்றில் பிறந்த கேஜ்ரிவால் முட்டை ரொட்டி ஆகியவை அதன் தொடக்கக் காலத்தில் பேர்பெற்றன.

உணவகம் எழுந்த மண்ணைப் பற்றிச் சொல்லாவிட்டால் இக்கட்டுரை பாதியாகிவிடும். மும்பையின் முதல் பருத்தியாலை 1854இல் காவஸ்ஜி தாவர் முயற்சியால் நிறுவப்பட்டது. அதன் பின் பரேல், லால்பாக், வொர்லி, பைகுல்லா பகுதிகளில் ஆலைகள் பெருகி, அப்பகுதி முழுவதும் ‘கிரண்காவ்’, அதாவது ஆலைகளின் ஊர், எனப் பெயர்பெற்றது. கொங்கணக் கரையிலிருந்தும் சதாரா, கோலாப்பூர்ப் பக்கங்களிலிருந்தும் ஆண்கள் தனியே வந்து, ஒற்றை அறையில் பலராகத் தங்கி, முறைவைத்து உறங்கி, ஆலையில் உழைத்தார்கள். குடும்பம் ஊரில் இருந்தது. சோறு யார் போடுவது?

‘கானாவள்’ என்றொரு சொல் மராத்தியில் உண்டு. மாதக் கணக்கில் பணம் பெற்றுக்கொண்டு உணவு தரும் வீடு அது. நம் ஊர் மெஸ்ஸைப் போன்றது. கிரண்காவில் அதை நடத்தியவர்கள் பெரும்பாலும் பெண்கள். பலர் ஆலைத் தொழிலாளியின் மனைவியர், சிலர் கைம்பெண்கள். பத்துப் பேருக்கோ இருபது பேருக்கோ தம் குடியிருப்பு அறையிலேயே சமைத்துப் போட்டார்கள். உண்ண வருபவர்கள் பெரும்பாலும் சொந்த வட்டாரத்தார் ஆதலால், கொங்கணத்துக்காரனுக்கு மீனும் சோறும், மேட்டு நிலத்துக்காரனுக்குச் சோள பாக்ரியும் பருப்பும் என்று ஊர் மணம் மாறாமல் கிடைத்தது. சந்தையில் எது மலிவோ அதையே வாங்குவது அவர்களின் வழக்கம். மலிவானது எதுவோ அதுவே பருவத்துக்குரியது. அவர்களிடம் அச்சிட்ட பட்டியல் இல்லை. பருவத்தைப் போற்ற வேண்டும் என்று அவர்கள் யாரிடமும் பாடம் கேட்கவும் இல்லை. மாத இறுதிவரை கணக்கு நிற்பதற்கு வேறு வழி இல்லாததால் பருவத்தோடு சமைத்தார்கள். மளிகைக் கடன் அவர்கள் கழுத்தை இறுக்கியது. 1975இல் பிரேமா புராவ் இப்பெண்களை ‘அன்னபூர்ணா மகிளா மண்டல்’ என்ற அமைப்பாகத் திரட்டி வங்கிக் கடன் பெற வழிசெய்தார்.

1982 ஜனவரி 18 அன்று தத்தா சாமந்த் தலைமையில் ஆலை வேலைநிறுத்தம் தொடங்கியது. ஏறத்தாழ இரண்டரை லட்சம் தொழிலாளர் பங்கேற்றனர். அது முறையாக முடிக்கப்படவே இல்லை. ஓய்ந்துபோயிற்று. ஊதியம் நின்ற மாதங்களிலும் பல கானாவள்களில் கடனுக்குச் சோறு விழுந்தது. எவ்வளவு காலம் விழும்? ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1991லும் 2001லும் வந்த நகரமைப்பு விதிகள் ஆலை நிலத்தை விற்கவும் புதிதாகக் கட்டவும் கதவு திறந்தன. புகைபோக்கிகள் நின்ற இடத்தில் அலுவலகங்களும் அடுக்கு மாளிகைகளும் கேளிக்கைக் கூடங்களும் எழுந்தன. கமலா மில்ஸ் அவற்றுள் ஒன்று. 2017 டிசம்பர் 29 நள்ளிரவு கடந்த வேளையில் அதே வளாகத்தின் வேறொரு கட்டடத்து மேல்மாடிக் கேளிக்கைக் கூடங்களில் தீப்பற்றி 14 உயிர்கள் போயின என்பதும் அந்த மண்ணின் வரலாற்றில் சேர்ந்துவிட்டது.

இப்போது அந்தப் பெயரைப் பாருங்கள். கேண்டீன். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 46ஆம் பிரிவு, 250 தொழிலாளர்களுக்கு மேல் பணிபுரிந்த ஆலையில் உணவுச்சாலை அமைக்க வழிசெய்தது. ஆலை போய்விட்ட இடத்தில் ஆலை உணவுச்சாலையின் பெயர் மட்டும் திரும்பி வந்திருக்கிறது. அங்கே ஒருவர் ஓர் இரவு உண்ணும் செலவில், பழைய கணக்குப்படி ஒரு கானாவள் எத்தனை பேருக்கு எத்தனை நாள் சோறு போட்டிருக்கும் என்று எண்ணாமல் என்னால் இதை எழுத முடியவில்லை. இதைச் சொல்லி அந்த இளைஞர்களின் உழைப்பைத் தள்ளிவிடவும் நான் ஒருப்படேன். சேப்பங்கிழங்கும் சோளமும் காட்டுக் கீரையும் ஏழையின் உணவு என்று நட்சத்திர விடுதிகள் தீண்டாமல் வைத்திருந்தவை. அவற்றை வெள்ளை மேசைக்குக் கொண்டுவந்து, அவற்றின் மராத்திப் பெயரும் சிந்திப் பெயரும் மாறாமல் பட்டியலில் ஏற்றியது சிறிய செயலன்று. பெயர் மறைந்தால் பொருளும் மறையும் என்பதைச் சொல்லோடு புழங்குகிறவர்கள் அறிவார்கள். எனினும் புதுமை என்று பேசப்பட்ட அந்த முறை, அதே தெருக்களில் எழுபது எண்பது ஆண்டுகள் பெயரறியாப் பெண்களால் நாள்தோறும் நடத்தப்பட்டது என்ற உண்மையையும் சேர்த்து எழுதுவதே வரலாறு.

மழை கொண்டுவரும் கூடை

மும்பையில் பொழுதுகளை மிகத் தெளிவாகக் காட்டுவது கார்காலம். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள்கள் மேற்குக் கரையில் விசைப்படகு மீன்பிடிப்புக்குத் தடை. மீன் இனம் பெருகும் காலம் என்பதால் வந்த தடை. கோலி மீனவர் வீடுகளில் முன்பே உலர்த்தி வைத்த கருவாடு அப்போது கைகொடுக்கும். தொடர்ந்து வரும் சிராவண மாதத்தில் மராத்தியர் பலர் புலால் நீக்குவர். இந்த இடைவெளியை நிரப்புவதற்கென்றே வந்தவை போல, முதல் மழையில் மலைச்சரிவுகளில் காட்டுக் கீரைகள் முளைக்கின்றன. தாணே, பால்கர், கர்ஜத் பக்கத்துப் பழங்குடிப் பெண்கள் அவற்றைப் பறித்து, இலையில் கட்டி, கூடையில் அடுக்கி, புறநகர் மின்தொடர் வண்டியில் ஏறி நகரத்துச் சந்தைகளுக்கு வருகிறார்கள்.

அவற்றுள் ‘ஷேவளா’ என்பது காட்டுக் கருணையினத்தின் பூந்தண்டு. முதல் மழையை ஒட்டிச் சில வாரங்களே கிடைக்கும். அப்படியே சமைத்தால் நாவும் தொண்டையும் அரிக்கும். ஆகவே ‘காகட்’ என்ற புளிப்புக் காயைக் கூடவே சேர்த்துச் சமைக்க வேண்டும். விற்கும் பெண் இரண்டையும் சேர்த்தே கட்டித் தருவாள். அரிப்பைத் தருவதும் மழை, அதற்கு மாற்றைத் தருவதும் மழை, இரண்டையும் இணைக்கத் தெரிந்தது அந்தப் பெண்ணின் அறிவு. ஷேவளாவை அடுத்து ‘கர்டோலி’ என்ற முள்தோல் சிறுபாகல், பிறகு சேம்பின் இலை, பிறகு வேறு. பனிக்காலம் வந்தால் பால்பிடித்த இளஞ்சோளக் கதிரைச் சுட்டு உதிர்த்த ‘ஹுர்டா’. வேனிலில் மாங்காய், பலாப்பிஞ்சு, கோகம், களாப்பழம், நுங்கு. எந்த அச்சகமும் இந்தப் பட்டியலை அச்சிட்டுத் தீர்க்க முடியாது.

2020 மார்ச்சு தொடக்கத்தில் கார்டோஸ் மும்பையில் இருந்தார். கேண்டீனின் ஐந்தாம் ஆண்டு நிறைவும், அவர்கள் தொடங்கிய இனிப்புக் கடையின் திறப்பும் அப்போது நடந்தன. அவர் ஊர் திரும்பினார். அவருக்கு வழிகாட்டிய கிரே குன்ஸ் மார்ச்சு 5 அன்று மறைந்தார். மார்ச்சு 25 அன்று நியூ ஜெர்சியில் கொரோனா நோயால் கார்டோஸ் மறைந்தார். அகவை 59. அதே நாளில்தான் இந்தியா முழுவதும் ஊரடங்கு தொடங்கியது. பருவந்தோறும் மாறிய அந்தப் பட்டியலும் மற்ற எல்லாப் பட்டியல்களோடும் சேர்ந்து அடைந்து கிடந்தது.

அந்த ஆண்டும் மழை தவறாமல் வந்தது. மலைச்சரிவில் கீரையும் முளைத்திருக்கும். ஆனால் மும்பையின் புறநகர் வண்டிகள் மார்ச்சில் நின்றன. ஜூன் நடுவில் மீண்டும் ஓடத் தொடங்கியபோதும் இன்றியமையாப் பணியாளருக்கு மட்டும் என்று ஆயிற்று. கூடைக்காரி இன்றியமையாதவள் என்று எந்த அரசாணையும் சொல்லவில்லை.

தாமஸ் சக்கரியா அந்த ஆண்டே கேண்டீனை விட்டு விலகினார். ஹுசைன் ஷஹசாத் பொறுப்பேற்று அடுக்களையைத் தொடர்ந்தார். சக்கரியா 2022இல் ‘தி லோக்கவோர்’ என்ற அமைப்பைத் தொடங்கி, உணவகத்துக்கு வெளியே வந்து, உழவரையும் காட்டுணவு அறிந்தோரையும் தேடிச் சென்று அவர்களின் அறிவைப் பதிவுசெய்யும் பணியில் இறங்கினார். மேசையிலிருந்து எழுந்து கூடையை நோக்கி நடந்த அந்த அடியை நான் பெரிதும் மதிக்கிறேன்.

நான் தாதர் சந்தைக்குச் சென்றது 2023 ஆடியில், உறவினர் வீட்டுத் திருமணத்துக்காக மாதுங்காவில் தங்கியிருந்தபோது. நிலையத்தை ஒட்டிய நடைபாதையில், பிளாத்திக்குத் தாளைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஒரு மூதாட்டி அமர்ந்திருந்தார். முன்னே பத்துப் பன்னிரண்டு கட்டுக் கீரை. ஒரு கட்டை எடுத்துப் பார்த்தேன். முட்டை வடிவச் சிற்றிலைகள், கசக்கினால் எழும் ஒரு காட்டு மணம். எங்கள் ஊர்ப் புறம்போக்கில், முதல் மழை விழுந்ததும் தழைக்கும் தகரை! அம்மா அதைப் பருப்போடு சேர்த்துக் கடைவார். நாற்பது ஆண்டுகளாக நான் அதை மறந்திருந்தேன். மராத்தி அறிந்த மைத்துனர் உடன் இருந்தார். பெயர் கேட்டோம்.

“டாக்ளா” என்றார் மூதாட்டி.

எங்கள் ஊரில் தகரை என்போம் என்று மைத்துனர் வாயிலாகச் சொன்னேன். இரு சொற்களும் உறவா அயலா என்பதை மொழிநூல் வல்ல நம் வட்டத்து நண்பர்கள்தாம் சொல்ல வேண்டும். மூதாட்டி அந்தச் சொல்லை இருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். “தக்ரய், தக்ரய்.” பிறகு, பூ வந்துவிட்டால் வாங்காதே, கசக்கும், இந்தப் பத்து நாள்தான் என்று சொல்லி, ஒரு கட்டுக்கு விலை வாங்கிக்கொண்டு, இரண்டு கட்டுகளை என் பையில் போட்டார்.